வெத்து பிளாஷ்

முகத்துக்கு நேரே பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம் அடித்ததும், இமையை மூடிய பிறகும் அது கண்ணுக்குள் பச்சையும் ஊதாவுமாக நீந்திக்கொண்டிருந்ததும், பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவின் புதுச்சேலை மொடமொடத்ததும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. காமிராவின் ‘கிளிக்’ சத்தம் மட்டும் நினைவில் இல்லை. அது என் மறதியல்ல என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நாங்கள் கொடைக்கானல் மலைக்கிராமமான பேத்துப்பாறையில் பூண்டு போடுகிற குடும்பம். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், வடுகபட்டிச் சந்தையில் பூண்டு நல்ல விலைக்குப் போன சந்தோஷத்தில், அப்பா எங்களைக் கொடைக்கானலுக்குச் ‘சீசன்’ பார்க்கக் கூட்டிப்போனார். அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அவள் பிறந்து வாக்கப்பட்டுப் புறப்பட்ட வெள்ளகவிக்கு ஒற்றையடிப் பாதைதான் உண்டு என்பதால், கல்யாணத்துக்குச் சொல்லிவைத்த போட்டோக்காரர் பாதி வழியில் கால் வலிக்கிறதென்று திரும்பிப் போய்விட்டாராம். ஆகவே அதுவரை அவளுக்கென்று ஒரு படமும் கிடையாது.

பள்ளத்தாக்கைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் கூடுகிற ஒரு மலைமுனையில், மாதிரிப் படங்கள் ஒட்டிய ஆல்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவர் சேகர். அவரை ‘அவர்’ என்று எழுதக் கை கூசுகிறது. வயதை எண்ணி எழுதுகிறேன். படம் வாங்கும்போது காசு கொடுத்தால் போதும் என்று சொல்லி எங்களை நிறுத்தினார். “ஆடாம நில்லுங்கக்கா, கண்ணச் சிமிட்டாதீங்க” என்றார். வெளிச்சம் அடித்தது. அடுத்த வாரம், தோட்ட வேலையைப் போட்டுவிட்டு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு படம் வாங்கப் போனாள்.

“பிலிம் ரோலுக்குள்ள மேகம் ஏறிருச்சுக்கா, நா என்ன செய்ய? ஒங்க மொகமே இல்ல, வெறும் வெள்ளையாக் கெடக்கு” என்றார் அவர். வீட்டுக்குள்ளேயே மேகம் நுழைந்து துணியெல்லாம் ஈரமாகிற ஊர் எங்களுடையது. அது ஒரு ரோலுக்குள் நுழையாதா என்று நாங்கள் மூன்று பேரும் நம்பினோம். அம்மா அதற்கும் மேலே ஒரு படி போய், பஸ்ஸில் வரும்போது, “எம் மொகம் படத்துல விழாது போல தாயி” என்றாள். அதன் பிறகு காமிராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஓட்டு அட்டைக்குப் படம் பிடிக்க ஆட்கள் வந்த அன்றுகூட, களை கிடக்கிறது என்று சாக்குச் சொல்லித் தோட்டத்துக்கு ஓடிவிட்டாள்.

பிறகு பூண்டில் நோய் விழுந்தது. கோடை விடுமுறைகளில் நானும் அம்மாவும் அதே முனையில் சோளக்கருது சுட்டு விற்றோம். ஒருநாள் சேகர், அங்கே சவாரி விடுகிற குதிரைக்காரரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னது புகைக்கு இந்தப் பக்கம் இருந்த என் காதில் விழுந்தது.

“இந்த மலை ஊரு ஆளுக படத்துக்கு நிப்பாக, வாங்க வரமாட்டாக. அவுகளுக்கு எதுக்குப் பிலிம வீணாக்கணும்? வெத்து பிளாஷ் போதும். யாராச்சும் தேடி வந்தா மேகம் ஏறிருச்சுன்னு சொன்னா போயிருவாக.”

காமிராவின் தலையில் இருக்கிற விளக்குக்குத் தனியாக ஒரு பித்தான் உண்டாம். அதை அமுக்கினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும், படம் விழாது. என் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் பித்தானுக்கு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னால், “சும்மா இரு, அந்தத் தம்பி அப்படியெல்லாம் செய்யாது” என்று என்னையே அதட்டினாள். அன்றைக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தைவிட அவள் மேல் வந்தது பெரிது.

என் ஆத்திரத்துக்கு ஒரு வழி அடுத்த சீசனில் தானாகவே மலையேறி வந்தது. வருகிறவர்கள் கையிலெல்லாம் சோப்புப்பெட்டி அளவில் டிஜிட்டல் காமிரா. குடும்பத்தோடு நிற்க ஆசைப்பட்டு, அமுக்கிவிட ஆள் தேடி அவர்கள் முழிக்கும்போது, சேகர் ஆல்பத்தை விரிப்பதற்குள் நான் போய் நின்றுவிடுவேன். கருது கருகினாலும் சரி. முகத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது, பாதி அமுக்கிக் காத்திருப்பது, எல்லாம் இரண்டே நாளில் பழகிவிட்டது. எடுத்துக் கொடுத்துவிட்டு, “பாத்துக்கங்க, விழுந்துருக்கா?” என்று அவர் காதில் படும்படி சத்தமாகக் கேட்பேன். காசு கொடுத்தால் வாங்கமாட்டேன். ஆல்பம் மூடியபடியே கிடந்த ஒவ்வொரு பொழுதும் எனக்குத் திருவிழா.

ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. “ஏ புள்ள, கருது விக்கிற சோலியப் பாரு. எம் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடுற?”

“சும்மாதாண்ணே அமுக்கிவிடுறேன். இது மேகம் ஏறாத காமிராவாம்” என்றேன்.

முகம் கறுத்துப்போனது. அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த இன்பத்தை எந்தச் சாமியும் எனக்குத் தந்ததில்லை.

ஆனால் அதே சீசனில், மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மாள் கருது வாங்கிக்கொண்டே காமிராவை எங்கள் பக்கம் திருப்பியபோது, அம்மா சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டு, “வேணாங்கம்மா, எம் மொகத்த எடுத்தா ஒங்க காமிரா கெட்டுப்போகும்” என்றாள். அந்த அம்மாள் சிரித்தார். நான் சேகரைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மழைக்காலம் கழித்துக் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். எங்கள் வீட்டுக்குக் காமிரா வைத்த கைப்பேசி வந்தது அதற்கும் பிறகுதான். அது என் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், முனைக்குப் போய் சேகரைப் படம் எடுத்ததுதான். ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆள் வராத பாதையையே பார்த்தபடி கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தார். மனசு சரியில்லாத நாட்களில் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். கைப்பேசி மாறும்போதெல்லாம் அதையும் பத்திரமாக மாற்றி வைத்தேன்.

போன தையில் சேகர் இறந்தார். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி என் வீட்டு வாசலில் நின்றார்.

“ஊரையெல்லாம் எடுத்தாரு, அவர யாரும் எடுக்கல தாயி. ஆதார்ல இருக்கிறத வச்சு எப்படிக் கும்பிட? முனையில நீ அவர ஒண்ணு எடுத்ததப் பாத்ததாக் குதிரைக்காரரு சொன்னாரு. குடுத்தின்னா புண்ணியமாப் போகும்.”

இல்லை என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்த அம்மா வெத்து பிளாஷ் அடித்தவர் இல்லையே என்றுதான் விழுங்கினேன். ஆனாலும் எதையும் வெட்டாமல், வெறிச்சோடிய பாதையோடும் மூடிய ஆல்பத்தோடும் அப்படியே பெரிதாக்கிக் கொடுத்தேன்.

காரியத்தன்று போனேன். அவர் தோற்றதை ரசிப்பதற்காக நான் எடுத்த படத்துக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். எவ்வளவு அமைதியாக இருக்கிறார் பார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். நான் கும்பிடவில்லை.

பிலிம் போய்விட்டது, ஆல்பக்காரர்கள் போய்விட்டார்கள், முனையில் இன்று ஆளாளுக்குக் கையை நீட்டித் தங்களைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். இதில் எதற்கும் எனக்கு வருத்தமில்லை. புருஷன் முகம் வேண்டுமென்றதும் வந்து தட்ட அந்த அம்மாவுக்கு என் வீட்டுக் கதவு இருந்தது. என் அம்மாவின் முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. நான் எந்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவது?