மூளையா, ஈரலா?

மனச்சோர்வுக்கு மாத்திரை போடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அழுகை நின்றது, வாய் வறண்டது. வாயை வைத்தே காலம் தள்ளும் எனக்கு அது பெருங்குறை. அக்குபஞ்சர்காரர்களுக்கு மாத்திரையே ஆகாது என்று கேள்விப்பட்டு, அவர்களில் ஒருவர் வாயாலேயே மாத்திரையை நிறுத்தச் சொல்லவைத்துவிடும் திட்டத்தோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு காளவாசலில் இருக்கும் அக்குபஞ்சர் நிலையத்துக்குப் போனேன்.

அக்குபஞ்சர்காரர் என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தார். "ஈரல்ல சக்தி தேங்கி நிக்குதுண்ணே. சீன வைத்தியத்துல மனக்கவலைக்கு இதான் காரணம்."

"டாக்டர் மூளையில ரசாயனக் கோளாறுங்கிறார். அப்ப அந்த மாத்திரை வேணாம்தானே?"

"மூளையும் ஈரலும் ஒரே ஆளுக்குள்ளதானண்ணே இருக்கு? நான் ஊசி குத்துறேன். டாக்டரைக் கேக்காம மாத்திரையை மட்டும் நிறுத்திறாதீங்க."

மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நேத்தே இவருக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்க திரும்பவும் செவுத்தைப் பாத்து உக்காந்துட்டா, நான் யாரோட சண்டை போடுறது?"

கையிலும் காலிலும் ஊசியோடு படுத்தபடி, மாத்திரையைத் தொடர்வதாக ஒப்புக்கொண்டேன். வாய் வறட்சியை டாக்டரிடம் சொல்வதாகவும் சொன்னேன். அன்றைய சண்டையை வீடு திரும்பும் ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டோம்.