கை தூக்கும் வகுப்பு

அனுசுயா டீச்சருக்கு மூன்றாம் வகுப்பு. பக்கத்து அறை என்னுடையது. நடுவில் ஒரு தட்டிதான், அங்கே நடப்பதெல்லாம் என் காதில் விழும். எங்கள் பள்ளிக்கு எதிரே டவுன் பஸ் நிற்கும். எழுத்து பிடிபடாத பிள்ளைகளை டீச்சர் காம்பவுண்டுச் சுவரோரம் கூட்டிப்போய், வருகிற பஸ்ஸின் போர்டை வாசிக்கச் சொல்வார். முதலில் வாசிக்கிற பிள்ளை ஊர் பேரைக் கத்தலாம். கத்துகிற ஆசைக்கே பிள்ளைகள் வாசிக்கப் பழகிவிட்டார்கள்.

வைகுண்டராஜ் சார் தலைமையாசிரியராக வந்ததும் அது நின்றது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மேலே இருப்பவர்கள் கேட்பதற்கு முன்பே எங்களிடம் கேட்டுவிடுவார். ஒவ்வொரு பாடவேளைக்கும் வாட்ஸப் குழுவில் போட்டோ வர வேண்டும், அதில் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கியிருக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் மறுபடி எடுக்கச் சொல்வார். சுவரோரம் நிற்பது போட்டோவில் பாடம் மாதிரித் தெரியவில்லையாம். அதோடு, போன் நன்றாகத் தெரிந்த பாவத்துக்கு, பள்ளியின் எல்லாப் பதிவேற்றமும் அனுசுயா டீச்சர் தலையில் விழுந்தது. பாதி நாள் ஆபீஸ் அறையிலேயே போனது.

அந்த வகுப்பில் திரிஷா இருந்தாள். அவள் அம்மா அன்னத்தாய் திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரி. முழுப் பரீட்சை முடிந்ததும் கேரளாவில் ஏலத்தோட்டத்துக்குக் குடிபோக இருந்தாள்.

"அங்கன பள்ளிக்கூடம் ரொம்பத் தூரம் டீச்சர். போறதுக்குள்ள போர்டு பாத்து பஸ் ஏறத் தெரிஞ்சாப் போதும். என்னைய மாதிரி ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கிட்டு நிக்க வேணாம்," என்றாள்.

அனுசுயா டீச்சர் சாரிடம் போய் நின்றார்.

"காலையில ஒரு மணி நேரம் மட்டும் என்னைய விட்டுருங்க சார். அந்தப் பிள்ளை பஸ் போர்டுல 'கம்' வரைக்கும் வாசிக்க வந்துட்டா."

"பதிவேத்தம் பின்தங்குனா என்னையத்தானம்மா கேப்பாக. பிள்ளை எங்க போயிரப்போகுது? நாளைக்குச் சொல்லிக்குடுங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வந்து என்ன? நானும் போட்டோ அனுப்பிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். சார் சொன்ன அந்த 'நாளை' மட்டும் வரவே இல்லை.

ஒருநாள் அனுசுயா டீச்சர் வீட்டிலிருந்து வந்த அழைப்பை எடுக்க வகுப்பில் போனைத் தூக்கினார். உடனே வகுப்பு மொத்தமும் கை தூக்கியது. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

பரீட்சை முடிந்த மறுநாள் நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கு நின்றபோது, அன்னத்தாய் மூட்டை முடிச்சோடு வந்தாள். பக்கத்தில் திரிஷா.

"இவ நல்லாப் படிக்கிறான்னு பெரிய சார் சொன்னாக டீச்சர். போட்டோவும் காட்டுனாக. நீங்க நல்லா இருக்கணும்," என்று அனுசுயா டீச்சரைக் கும்பிட்டாள்.

டீச்சர் திரிஷாவைப் பார்த்தார். தூரத்தில் பஸ் திரும்பியது.

"ஏத்தா, எந்த ஊரு பஸ்ஸுன்னு வாசிச்சுச் சொல்லு," என்றாள் அன்னத்தாய் மகளிடம்.

திரிஷா போர்டைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வைகுண்டராஜ் சார் போனில் அழைத்தார். டீச்சர் பையிலிருந்து போனை எடுத்தார்.

திரிஷா சட்டென்று கையை உயரத் தூக்கினாள்.

"பாத்தீகளா டீச்சர்," என்றாள் அன்னத்தாய், முகமெல்லாம் சிரிப்பாக. "தெரியும்ங்கிறா!"