அரட்டைப் பகுதிக்கு மாற்றப்பட்டது

ஐந்து வருடம் நான் அண்ணனாக இருந்தேன். கணினியில் தமிழ் அடிக்கத் திண்டாடுகிறவர்களுக்கு உதவுவதற்கென்று இணையத்தில் ஒரு செய்திக்குழு இருந்தது. அங்கே யாருக்கும் முகம் கிடையாது. பெயருக்கு இரண்டு இனிஷியல் போதும். மதுரைப் பக்கத்து ஆட்கள் அதிகம் என்பதால் சேர்ந்த ஒரே வாரத்தில் எல்லோருக்கும் "அண்ணே" ஆகிவிட்டேன். "அண்ணே, பிரிண்டர்ல ஒரு எழுத்து மட்டும் கட்டம் கட்டமா விழுகுது, என்ன செய்ய?" என்று கேட்பார்கள். பதில் தெரிந்தவள் பெண் என்று தண்டோரா போடவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அப்போது நான் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளியில் அலுவலக எழுத்தர். நாலு மணிக்கு மேல் பள்ளியின் டெலிபோன் சும்மா கிடக்கும். மதரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். மோடம் கத்தி முடித்ததும் அன்றைய கேள்விகளை மொத்தமாக இறக்கிக்கொண்டு, லைனைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்பேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கேள்வி, பதில், பதிலுக்குப் பதில் எல்லாம் ஒரே கட்டாக வந்து இறங்கும். அதனால் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. எழுதியதை யாரும் அழிப்பதில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால், "மேலே நான் சொன்னது தப்பு" என்று கீழே எழுதுவோம். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது. கட்டு முழுவதையும் படிக்காமல் எவனும் எதிலும் கை வைக்கமாட்டான்.

நானும் ஒரு தடவை தப்பாகச் சொன்னேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் ஃபாண்டும் ஒரு தனி ராஜ்ஜியம். ஒன்றில் அடித்தது இன்னொன்றில் கொக்கியும் கோடுமாகத் தெரியும். எல்லாவற்றையும் பொதுவான யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன மென்பொருள் வந்தது. அதை எப்படி ஓட்டுவது என்று ஆறு படிகளாக எழுதினேன். நாலாவது படியில், மாற்றிய கோப்பைப் பழைய கோப்பு இருக்கும் இடத்திலேயே அதே பெயரில் சேமிக்கச் சொல்லியிருந்தேன். ஃபாண்ட் கொஞ்சம் வேறு ரகமாக இருந்தால் மாற்றியது குப்பையாகத்தான் வரும். அந்தக் குப்பை பழையதன்மேலேயே உட்கார்ந்துவிடும்; மூலம் போயே போய்விடும். இரண்டு நாளில் எனக்கே உறைத்தது. வழக்கப்படி கீழே எழுதினேன்: நாலாவது படி தப்பு, வேறு ஃபோல்டரில் சேமியுங்கள். யாருக்கும் ஒரு சேதமும் இல்லை.

பிறகு மன்றம் வந்தது. அவனியாபுரத்துக்காரர் ஒருவர், பத்து நாள் என்னிடம் கேட்டுக் கேட்டுத் தன் பிரிண்டரைச் சரிசெய்துகொண்டவர், ஒரு வெப்சைட்டைத் திறந்து, "செய்திக்குழு செத்துப்போச்சு, எல்லாரும் இங்கிட்டு வாங்கப்பா" என்று கூப்பிட்டார். எல்லோரும் போனார்கள். அங்கே தமிழ் தமிழாகவே தெரிந்தது. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம், நன்றி சொல்ல ஒரு பட்டன், ஆயிரம் பதிவு போட்டவருக்கு மாலை போட்ட படம். எதைச் சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை தடவை சொன்னார் என்பதுதான் கணக்கு. நான் மூன்று மாதம் அடம்பிடித்தேன். ஆள் இல்லாத வீட்டில் எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது? நானும் போனேன்.

பதிவு செய்யும்போது ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம் வந்தது. நிரப்பாமல் உள்ளே விடாது. பெண் என்று போட்டேன். "புதியவர்" என்ற பட்டத்தோடு உள்ளே நுழைந்தால், முதல் பக்கத்தின் உச்சியில் என் ஆறு படிகள். எழுதியவர் இடத்தில் அவனியாபுரத்துக்காரர் பெயர். கீழே நன்றி, நன்றி, நன்றி. என் பெயர் போனதற்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். மேலே இருந்த பதிலை மட்டும்தான் மனிதர் எடுத்து வந்திருந்தார். கீழே இருந்த திருத்தம் வரவில்லை. நாலாவது படி அப்படியே நின்றது.

"நாலாவது படி தப்பு. செய்தால் கோப்பு அழிந்துபோகும்" என்று கீழே எழுதினேன். பத்து நிமிடத்தில் அதைக் காணவில்லை. "அரட்டைப் பகுதிக்கு மாற்றப்பட்டது" என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. புதியவர்கள் அறிமுகப் பகுதியில் பத்துப் பதிவு போட்ட பிறகுதான் மற்ற இடங்களில் வாய் திறக்கலாமாம். என் எச்சரிக்கை சினிமாவுக்கும் சமையலுக்கும் நடுவில் கிடந்தது. அதற்கும் ஒருவர் பதில் போட்டிருந்தார்: "சிஸ்டர், சீனியர் சொன்னதுல குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டீகளா? மொதல்ல வணக்கம் சொல்லிப் பழகுங்க." எங்கள் பள்ளியில் சிஸ்டர் என்றால் எழுந்து நிற்பார்கள்.

அவனியாபுரத்துக்காரருக்குத் தனிமடல் போட்டேன். அந்தப் பதிலை எழுதியவளே நான்தான், என் பழைய இனிஷியல் இதுதான், திருத்தம் அதே கட்டில் கீழே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்று. அவர் எழுதினார்: "அந்த அண்ணன நமக்கு நல்லாத் தெரியும்ங்க. எம்புட்டுப் பேருக்கு உதவி பண்ண மனுசன். அவரு பேரச் சொல்லிக்கிட்டு வாரதெல்லாம் நல்லாயில்ல."

என்னை அவருக்கு நல்லாத் தெரியுமாம். ஷேர் ஆட்டோ ஏறிப்போய் அவர் வாசலில் நின்று நாலு கேள்வி கேட்கலாம் என்றிருந்தது. போகவில்லை. பத்து வணக்கம் போட்டிருந்தால்கூடப் பேச விட்டிருப்பார்கள். ஐந்து வருடம் பதில் சொன்னவள் இந்தப் பயல்களுக்குப் போய் வணக்கம் போடுவதா என்ற வீம்பு. செய்து பட்டுக்கொள்ளட்டும் என்று வெளியே வந்துவிட்டேன். யார் படுவார்கள் என்று யோசிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். மாட்டுத்தாவணியில் பூக்கட்டும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தவர். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அங்கே கழித்து, அவர்கள் சொன்னதையெல்லாம் தானே தட்டச்சு செய்து சேர்த்திருந்தார். சொன்னவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. குறிப்பு எழுதிய நோட்டுகளை, எல்லாம்தான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே என்று, வீடு மாறும்போது எடைக்குப் போட்டுவிட்டார். ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் யூனிகோடில் கேட்டிருந்தது. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். ஆறு படிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பேனாவால் டிக் அடித்திருந்தார்.

"அக்கா, எல்லாம் கொக்கி கொக்கியா வருது. பென் டிரைவ்ல இருந்ததையும் சேத்து மாத்திட்டேன், ரெண்டும் ஒண்ணு போல இருக்கட்டும்னு. பழசு எங்கிட்டாச்சும் ஒளிஞ்சிருக்குமாக்கா?"

மூன்று நாள் தேடினேன். தெரிந்த வழி, தெரியாத வழி எல்லாம் பார்த்தேன். வழிகாட்டிப் பேராசிரியருக்குக் கொடுத்த இரண்டு அத்தியாயம் மட்டும் பழைய பிரிண்டில் மிஞ்சியது. முதல் நாள் சாயங்காலமே மன்றத்துக்குப் போய்ப் பத்து வணக்கம் போட்டேன். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு எழுதிய எச்சரிக்கையை யாரும் எங்கும் மாற்றவில்லை.

மூன்றாம் நாள், இனிக் கிடைக்காது என்று நான் சொன்னபோது டீச்சர் அழவில்லை. ஏற்கெனவே அழுது முடித்திருந்தார். "அக்கா, ஒரு பொம்பள மட்டும் இது தப்புன்னு எழுதியிருந்தா. அரட்டைப் பகுதியில கெடந்துச்சு. மாத்துறதுக்கு முன்னாடியே பாத்தேன். நெசமாவே தப்புன்னா இன்னொரு தடவ வந்து சொல்லியிருப்பால்லன்னு நெனச்சேன். ஒரே வாட்டி எழுதிட்டுப் போயிட்டா" என்றார்.

"அது நான்தான் டீச்சர்."

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருத்தராச்சும் சொன்னீங்களேக்கா. நாந்தான் கேக்கல. ரொம்ப நன்றிக்கா."

அந்த ஆறு படிகளை எழுதியவளும் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. தாள் மேஜைமேல்தான் கிடந்தது, அவனியாபுரத்துக்காரர் பெயரோடு. அது அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, நன்றியை நான் வாங்கிக்கொண்டேன்.