இப்போதைக்கு மேடம்

கைப்பை இன்னும் தோளில் தொங்குகிறது. வெள்ளை மேலங்கியில் ஒரு கைதான் நுழைந்திருக்கிறது. அதற்குள் செல் வளர்க்கும் பெட்டியைத் திறந்து, ஒரு குடுவையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிடுகிறார். நேற்று மாலை இளஞ்சிவப்பாக இருந்த ஊட்டநீர் இன்று மஞ்சள் தட்டியிருக்கிறது. "ராத்திரியெல்லாம் நல்லா தின்னிருக்கீங்க போல" என்று குடுவையிடம் சொல்கிறார். குரலில் கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை. வாடகைக்கு இருப்பவர்களிடம் வீட்டுக்காரி பேசுகிற தொனி.

குடுவையில் இருப்பவை மார்பகப் புற்றுநோய் செல்கள். அவற்றுக்கு வேளை தவறாமல் சாப்பாடு போட்டு, இடம் போதாமல் போனால் பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்து, பிறகு எப்படிக் கொல்வது என்று யோசிப்பதுதான் ஐம்பதைக் கடந்த இந்தப் பெண்மணியின் தொழில். நான் அதே ஆராய்ச்சிக் கட்டடத்தில் நுண்ணோக்கிகளைப் பழுது பார்ப்பவன். என்னை அவர் 'ரிப்பேர் சார்' என்பார். அவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'இப்போதைக்கு மேடம்'.

காரணம் உண்டு. எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தை இல்லாமல் பதில் வராது. சாப்பிட்டீர்களா என்றால், "இப்போதைக்கு ஆச்சு." உடம்பு தேவலையா என்றால், "இப்போதைக்குத் தேவலை." லென்ஸைத் துடைத்து மாட்டிவிட்டு, இப்போது தெளிவாகத் தெரிகிறதா என்று நான் கேட்டால், குனிந்து பார்த்துவிட்டு, "இப்போதைக்குத் தெரியுது" என்பார். முதலில் என் வேலையில் நம்பிக்கை இல்லையோ என்று எனக்குச் சுருக்கென்று இருந்தது. பிறகு புரிந்தது, சூரியன் கிழக்கே உதிப்பதைக்கூட அவர் அப்படித்தான் சொல்வார்.

மற்றபடி, எதன்மேலும் ஸ்பிரிட் தெளிக்கும் பழக்கம் அவருக்கு. மேஜை, கையுறை, பேனா, மூக்குக்கண்ணாடி. ஒருமுறை ஸ்க்ரூ டிரைவரை நீட்டினேன், அதன்மேலும் என் விரல்மேலும் சேர்த்தே தெளித்துவிட்டுத்தான் வாங்கினார். தேநீர் குடிக்கப் போகும்போதும் முழங்கை வரை கழுவுவார். கோப்பையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒரே விஷயத்தை விளக்குவார்.

"உடம்புல எல்லா செல்லுக்குள்ளயும் இருக்கிறது ஒரே ஜீன்கள்தான் சார். கண்ணுக்கும் அதேதான், காலுக்கும் அதேதான். எந்த ஜீன் பேசணும், எது வாய மூடிக்கிட்டு இருக்கணும்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு."

மார்பகத்தில் வரும் கட்டியிலும் அப்படித்தானாம். பெரும்பாலான செல்கள் ஓயாமல் பெருகுகிறவை. மருந்து பாய்ந்தால் அவைதான் முதலில் சாகும். ஆனால் ஒரு சில மட்டும், கரு வளர்ந்த காலத்தோடு வாய் மூடிய ஜீன்களை மறுபடி பேசவைத்துக்கொண்டு, ஸ்டெம் செல்லின் குணத்துக்குத் திரும்பிவிடுகின்றன. அவை பெருகாமல், அசையாமல் கிடக்கும். மருந்து அவற்றைத் தாண்டிப் போய்விடும். எல்லாம் அடங்கிய பிறகு, ஆண்டுகள் கழித்துக்கூட, எலும்பிலோ நுரையீரலிலோ போய் உட்கார்ந்து குடும்பத்தைப் புதிதாகத் தொடங்கும். "அதுங்க அப்படியே பிறக்கிறதில்ல. அப்படி ஆகுதுங்க. ஆக்குறது எதுன்னு தெரிஞ்சா தடுக்கலாம்" என்பார். எந்த ஜீன் அந்த வாயைத் திறந்துவிடுகிறது என்று தேடுவதில்தான் அவருடைய இளமை போயிற்று.

அவருக்கு ஒரு தங்கை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அக்கா எவ்வளவு மெதுவோ தங்கை அவ்வளவு வேகம். குட்டைத் தலைமுடி, கணீரென்ற குரல், எதிலும் ஒரு கிண்டல். மதியங்களில் பயிற்சி வண்டியை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு அக்காவோடு சாப்பிட வருவார். "ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுத்துட்டேன், இவளுக்கு மட்டும் முடியல. வண்டி நகரலன்னா சந்தோஷப்படற ஒரே ஆள் எங்கக்காதான்" என்று என்னிடம் முறையிடுவார். அக்கா தலை நிமிராமல் டப்பாவைத் திறந்துகொண்டிருப்பார். ஆனால் உதட்டோரம் அசையும்.

அந்தத் தங்கைக்குத்தான் மார்பில் கட்டி வந்தது.

அறுவை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் ஒழுங்காக முடிந்தன. முடி உதிர்ந்தபோது, பராமரிப்புச் செலவு மிச்சம் என்று தங்கை சிரித்தாராம். கடைசிப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை தங்கை நேராக அக்கா வீட்டுக்குப் போய், சமையலறை வாசலில் நின்று, டாக்டர் சொல்லியாயிற்று, நீ உன் வாயால் சொல், போய்விட்டதா என்று கேட்டிருக்கிறார்.

அக்கா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். "இப்போதைக்கு" என்றார்.

யோசித்துச் சொன்னதில்லை. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் லென்ஸுக்கும் சொல்கிற அதே வார்த்தைதான். ஆனால் சொன்னவர் யார் என்பது தங்கைக்குத் தெரியும். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு பயிற்சி வண்டி எங்கள் வாசலில் நிற்கவில்லை. மதியத்தில் மேடம் தனியாகச் சாப்பிட்டார். நான் விசாரித்தபோது, "அவளுக்குக் கிளாஸ் அதிகம் சார்" என்றார். நானும் நம்பினேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் போன பிறகு தங்கைக்கு முதுகு வலித்தது. பகலெல்லாம் காரில் உட்கார்ந்திருப்பதால் என்று நினைத்து இருக்கைக்குப் புது மெத்தை போட்டுப் பார்த்தார். வலி போகவில்லை. படம் எடுத்துப் பார்த்ததில் புற்று முதுகெலும்பில் இருந்தது. முடிவு கையில் வந்ததும் முதலில் அக்காவுக்குத்தான் போன் செய்தார். அப்போது நான் மேடத்தின் அறையில் நுண்ணோக்கியின் கேமராவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் போனைக் காதில் வைத்தபடி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொன்னார். பிறகு வெகுநேரம் மேஜையின் ஒரே இடத்தில் ஸ்பிரிட் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை சொன்னது என்ன என்று பின்னாளில் ஒருநாள் அவரே சொன்னார்: "உன் இப்போதைக்கு முடிஞ்சிடுச்சுக்கா."

நடக்க முடியாமல் போன பிறகு தங்கைக்கு ஓர் ஆசை வந்தது. அக்கா வளர்க்கிறதைப் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் நுண்ணோக்கியின் உயரம் எட்டாது என்பதால், அதைத் தாழ்ந்த மேஜைக்கு மாற்றிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அதனால்தான் அந்தப் பிற்பகல் நானும் அங்கே இருந்தேன்.

தங்கை குனிந்து பார்த்தார். வெகுநேரம் எடுக்கவில்லை கண்ணை. திராட்சைக் கொத்துபோல மிதக்கும் உருண்டைகள் அவை. ஒட்டிக்கொள்ள இடமே இல்லாமலும் ஸ்டெம் செல்கள் அப்படித் திரண்டு வளரும்.

"இவ்வளவு அழகாவா இருக்கும் சனியன்" என்றார் தங்கை.

அக்கா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, மாணவர்களுக்குச் சொல்வதையெல்லாம் அவருக்கும் சொன்னார். எல்லா செல்லையும்போல இதுவும் ஒழுங்காக இருந்ததுதான், வாய் மூடியிருக்க வேண்டிய ஜீன் திறந்துகொண்டதால் இப்படி ஆனது என்று. தங்கை கவனமாகக் கேட்டார். நன்றாக ஓட்டுகிற பிள்ளைதான், பக்கத்தில் யாரோ உட்கார்ந்து கெடுத்திருக்கிறார்கள் என்றார். பிறகு, "என் வண்டியில என் காலடியில ஒரு பிரேக் இருக்கு பாரு, படிக்க வர்றவங்க தப்பு பண்ணா நான் அழுத்தறது. அது மாதிரி இதுக்கு ஒண்ணு இல்லையாக்கா?" என்று கேட்டார்.

"இருக்கணும். தேடிட்டிருக்கேன்."

தங்கை தலையாட்டினார். நான் திருகாணிகளைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். கொஞ்சம் பொறுத்து அவர் மறுபடி பேசினார். குரலில் கிண்டல் இல்லை.

"அன்னைக்கு நீ ஒரு பொய் சொல்லியிருந்தா, எனக்கு ஒரு வருஷம் சும்மா கிடைச்சிருக்கும்க்கா."

அக்கா நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

"தப்புன்னு சொல்லல. கிடைச்சிருக்கும்னு சொல்றேன்."

மேடத்தின் கை கையுறைக்குள் இருந்தது. அதைக் கழற்ற முயன்றார். வியர்வையில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. தங்கையே ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றிவிட்டு, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் மெல்ல வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அந்தப் பருவம் மாறுவதற்குள் தங்கை போய்விட்டார். துக்கத்துக்குப் போயிருந்தேன். மேடம் அழவில்லை, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இனி வேண்டாம், உட்காருங்கள் என்று யாரோ பிடித்து உட்காரவைத்தார்கள். உடனே எழுந்துவிட்டார்.

வேலைக்குத் திரும்பியவரிடம் ஒரே ஒரு மாற்றம். சாப்பிட்டீர்களா என்று கேட்டால், பதில் வருமுன் ஒரு சின்ன இடைவெளி. பழைய வார்த்தை நாக்கின் நுனிவரை வந்து திரும்பிப் போவது கேட்கிறவருக்கே தெரியும். பிறகு, "ஆச்சு" என்பார். புதிதாக வந்த மாணவர்களுக்கு அவருடைய பட்டப்பெயரின் காரணம் தெரியாது. பழையவர்கள் அந்தப் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள்.

போன மாதம் ஒரு காலையில் அவருடைய நுண்ணோக்கிக்கு விளக்கு மாற்றப் போயிருந்தேன். அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி செல் வளர்த்த இரண்டு தட்டுகளோடு வந்தாள். பல ஆண்டுகளாகச் சந்தேகப்பட்ட ஜீன் ஒன்றை ஒரு தட்டில் வாயடைத்திருந்தார்கள், மற்றதில் சும்மா விட்டிருந்தார்கள். சும்மா விட்டதில் உருண்டைகள் நெருங்கி மிதந்தன. வாயடைத்ததில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அங்கொன்றும் இங்கொன்றும் உதிரி செல்கள். மூன்றாவது முறையாகச் செய்தும் அதே முடிவு என்று மாணவி மூச்சு வாங்கினாள். மருந்தாகிவிடுமா மேடம் என்று கேட்டாள்.

"இது தட்டு. மனுஷ உடம்பு வேற. அதுக்கு நிறைய தூரம் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டு, உருண்டைகள் இல்லாத அந்தத் தட்டின்மேல் குனிந்தார்.

தட்டை நகர்த்தும் திருகை அவர் தொடவே இல்லை. ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. மாணவி என்னைப் பார்த்தாள், நான் பழைய விளக்கைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தேன். கடைசியில், தானும் ஒருமுறை பார்க்கலாமா என்று அவள் தயங்கியபடி கேட்டாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் மேடம். தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டி, லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாள் ஒன்றை உருவினார். கண் வைக்கும் கண்ணாடிகள் இரண்டையும், முதலில் இடது, பிறகு வலது, ஈரம் போக ஒற்றியெடுத்துவிட்டு, முக்காலியை விட்டு எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.