கிழமைகளைத் திரும்பக் கொடுத்த சிஸ்டர்

அடுக்களைப் பின்வாசலில் மணை போட்டு உட்கார்ந்து, வெள்ளை முக்காட்டைப் பின்னால் முடிந்துகொண்டு, விளமீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தார். சிஸ்டரை நான் முதன்முதலில் பார்த்தது அந்தக் கோலத்தில்தான். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக் கப்பல்களில் வருகிற மாலுமிகளுக்காக நடந்த இல்லம் அது. அலுவலக உதவியாளராக வேலையில் சேர அன்று காலைதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தேன். பொறுப்பாளர் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கன்னியாஸ்திரி என்று சொல்லியிருந்ததால், ஆங்கிலத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஏளா, வந்துட்டியா? அந்தக் கத்திய எடு. இன்னும் பாதி மீன் கெடக்கு" என்றார்.

மீன் ஏலக் கூடத்துப் பெண்களிடம் அவர் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். அதனால் பிஷப்பிடம் பேசினாலும் சுங்க அதிகாரியிடம் பேசினாலும் ஏலக் கூடத்துத் தமிழ்தான். நானோ பக்கத்து நாசரேத் ஊர்ப் பிள்ளை. எங்கள் ஊர்க் கோவில் கூடத்துச் சுவரில், மிஷனரி என்றால் தாடியும் கறுப்பு அங்கியுமாகச் சிரிக்காத முகத்தோடு சட்டத்துக்குள் நிற்பவர்கள். பள்ளிக்கூடம் கட்டியவர்கள், ஆஸ்பத்திரி கட்டியவர்கள். இவரோ மாலுமிகளுக்கு சிம் கார்டு வாங்கிக் கொடுத்தார். வேனில் ஏற்றிப்போய் கடைவீதியில் இறக்கிவிட்டார். பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிறவர்களுக்கு மேசை விசிறியைத் திருப்பி வைத்தார். கரண்ட் போனால் அதுவே ஒரு விசேஷம் என்பதுபோல் எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டு மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தார். உப்பளத்துப் பக்கமிருந்து அனல் வீசும் வைகாசி மதியத்தில், வியர்வை வழிய, பாட்டுப் பாடிக்கொண்டு படுக்கை விரிப்புகளைக் காயப் போடுவார்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "இதுக்குத்தானா சிஸ்டர் இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்திய?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "இதுக்குத்தான் ஏளா. பெரிய வேலைக்குப் பெரிய ஆளுவ இருக்காவ. என்னைய தெனமும் வாற வேலைக்கு அனுப்பியிருக்கு" என்று சொல்லிவிட்டு, விரிப்பின் மறுமுனையை என் கையில் தந்தார்.

அந்தப் பதிலின் பொருள் எனக்கு அப்போது எட்டவில்லை. அந்தக் கப்பல் வந்த பிறகுதான் எட்டியது.

பழைய சரக்குக் கப்பல் அது. துறைமுகத்துக்கு வெளியே, முன்பு முத்துக் குளித்த கடலடிப் பார்களுக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்தது. கடன்காரர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் கப்பலை நகரக் கூடாது என்றது. கப்பல் முதலாளி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். உள்ளே பல நாட்டு மாலுமிகள், சம்பளம் இல்லாமல். தீர்ப்பு வரும்வரை அவர்கள் கப்பலை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் சம்பளம் கேட்டு அவர்கள் போட்டிருந்த வழக்கும் போய்விடும், கைதாகவும் நேரிடும். உணவுப் பொருள் கொண்டுபோக எங்கள் இல்லத்துக்கு அனுமதி கிடைத்தது. இல்லத்துக்கு வழக்கமாக வல்லம் ஓட்டும் அண்ணாச்சியோடு சிஸ்டரும் நானும் போனோம்.

கயிற்றேணியில் ஏறி மேல்தளத்துக்குப் போனபோது யாரும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நிழல் இருந்த இடங்களில் படுத்துக் கிடந்தார்கள். கேப்டன் கருங்கடல் பக்கத்துக்காரர், நரைத்த மனிதர். அரிசி மூட்டைக்கு நன்றி சொன்னார், அவ்வளவுதான். சிஸ்டர் பேச்சுவாக்கில் ஒருவரிடம், இன்று என்ன கிழமை என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும்போது சிஸ்டர் வல்லத்தின் முன்பக்கம், அணியத்தில், கப்பலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கரை நெருங்கும்போது சொன்னார்: "அவியளுக்கு அரிசி மட்டும் தீரல ஏளா. கெழமையும் தீந்து போச்சு."

அடுத்த முறை போனபோது கிழமைகளைக் கொண்டுபோனார். திங்கள் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் நாள். "கப்பல் யாருடையதோ, எங்களுக்கென்ன?" என்று ஒருவர் முறைத்தார். "இதில் குடியிருப்பது நீங்கள்தானே" என்றார் சிஸ்டர். செவ்வாய் பொரித்த மீன். அன்றுதான் நாங்களும் போவோம். புதன் முடி வெட்டிக்கொள்ளும் நாள். சனி பாட்டு. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் தன் அம்மா செய்யும் பலகாரத்தைச் செய்ய வேண்டும். எந்த மதத்துக்காரரானாலும் தன் மொழியில் சத்தமாக நன்றி சொல்லிவிட்டுத்தான் பரிமாற வேண்டும். முதலில் சிஸ்டரின் மனம் நோகக் கூடாதே என்று செய்தார்கள். பிறகு, யாருக்கு மீன் சதை, யாருக்கு முள் என்று சண்டை போடும் அளவுக்கு அவர்களுக்கு உயிர் வந்தது. செவ்வாய் தோறும் எங்கள் வல்லத்தைக் கண்டதும் தட்டுகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். கேப்டன்கூட ஒருநாள் கரண்டியைப் பிடுங்கி, உப்புக் குறைவு என்று சிஸ்டரோடு வாதாடினார்.

அப்புறம் வாடைக் காற்று தொடங்கியது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வாரக்கணக்கில் வல்லம் போக முடியவில்லை. அதற்குள் வழக்கும் தள்ளிப்போனது. காற்று கொஞ்சம் அடங்கிய ஒரு செவ்வாயன்று சிஸ்டர் அண்ணாச்சியின் முன்னால் போய் நின்றார்.

"கடல் இன்னும் சரியில்ல சிஸ்டர். நாளைக்குப் போவமே."

"நாளைக்குப் புதன் அண்ணாச்சி. இன்னைக்குத்தான் மீன்."

சிஸ்டரின் கண்கள் வீங்கியிருந்தன. தூக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலில் தட்டுச் சத்தம் இல்லை. கேப்டன் சாப்பிடுவதை விட்டு, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பல நாளாகிறது என்றார்கள். உயிர்காப்புப் படகை இறக்கி எல்லோரும் தப்பிப் போய்விடுங்கள், நான் கப்பலோடு இருந்துகொள்கிறேன் என்று கதவுக்குள்ளிருந்தே உத்தரவு போட்டிருந்தார். படகில் பாதி மூட்டைகளை ஏற்றியும் ஆகிவிட்டது. அந்தக் கடலில் அந்தப் படகு கரை சேராது என்று அண்ணாச்சி என் காதோடு சொன்னார்.

சிஸ்டர் யாரையும் தடுக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்து மீனைப் பொரித்தார். இரண்டு தட்டுகளில் போட்டுக்கொண்டு கேப்டனின் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். சாப்பிட வாருங்கள் என்று பலமுறை கூப்பிட்டார். கதவு திறக்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னார்: "கேப்டன், இன்று காலையில் எங்கள் தீவில் என் அம்மாவை அடக்கம் செய்தார்கள். என்னால் போய்ச் சேர முடியவில்லை. செவ்வாய்க்கிழமை மீனைத் தனியாகச் சாப்பிட எனக்கு இன்று தெம்பு இல்லை."

காலையிலிருந்து கூடவே இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதுதான் அவர் அழுது பார்த்தேன், தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மறைக்காமல். அவருடைய சந்தோஷம் கவலையே அறியாதவரின் சந்தோஷம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. தாடி மண்டிய முகத்தோடு கேப்டன் வெளியே வந்து, சிஸ்டருக்கு எதிரில் தரையில் அமர்ந்தார். இருவரும் சாப்பிட்டார்கள். முடித்துவிட்டு எழுந்து மேல்தளத்துக்குப் போன கேப்டன், படகிலிருந்து மூட்டைகளை இறக்கச் சொன்னார். மறுநாள் முதல் ஆளாக முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தாராம்.

தை பிறந்து கடல் தெளிந்தபோது தீர்ப்பும் வந்தது. கப்பலை விற்று முதலில் மாலுமிகளின் சம்பளத்தைக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். ஒருவர் குறையாமல் ஊர் திரும்பப் போகிறார்கள்!

சிஸ்டர் இப்போது வேறொரு நாட்டின் துறைமுகத்தில் இருக்கிறார். அவர் இருந்த நாற்காலியில் இன்று நான் இருக்கிறேன். சிம் கார்டு, வேன், படுக்கை விரிப்பு என்று என் நாட்களும் போகின்றன. இது என்ன வேலை என்று யாராவது கேட்டால், அந்த மாலுமிகள் கரை இறங்கிய நாளைத்தான் சொல்வேன்.

அண்ணாச்சி செய்தியைப் பரப்பிவிட்டிருந்தார். மாலுமிகள் வந்த படகுக்கு இருபுறமும் மீன்பிடி வல்லங்கள் கூடவே வந்தன. ஹாரன் சத்தத்தில் காது அடைத்தது. சுமை ஏற்றுகிறவர்களும் லாரி டிரைவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவர் மண்ணில் மண்டியிட்டார். இன்னொருவர் சும்மா ஓடினார், ஓட இடம் இருக்கிறதே என்று. கடைசியாக இறங்கிய கேப்டன் காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கி, அதில் சிஸ்டரை உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததுதான் தாமதம், எல்லோருமாக நாற்காலியோடு தோளில் தூக்கிவிட்டார்கள். துறைமுகமே கைதட்டியது. ரப்பர் செருப்பு ஒன்று கழன்று விழ, முக்காடு சரிய, சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் கத்தினார்: "ஏலே, எறக்குங்கலே! விழுந்துருவேன், எறக்குங்கலே!"

அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. இன்னும் உயரத் தூக்கினார்கள்.