பிளாஸ்டிக் உறை போட்ட நாற்காலிகள்

மலேசியாவில், ஈப்போ பழைய டவுனில் ஜாஸ் இசைக்கென்றே ஒரு சின்ன அரங்கம் கட்டினார்கள். அதன் நூற்றிருபது நாற்காலிகளுக்கும் மெத்தை தைக்கும் வேலை புந்தோங்கில் இருக்கும் என் கடைக்கு வந்தது. அரங்கத்தைக் கட்டியவர் ஒரு டிரம்ஸ்காரர். என்ன துணி, எவ்வளவு தடிமனில் பஞ்சு என்பதையெல்லாம் அவரே சொன்னார்.

"ஆள் உக்காராத சீட்டும் ஆள் உக்காந்த மாதிரி சத்தத்த உள்ள வாங்கிக்கணும் அண்ணே. அப்பதான் ஹால் காலியா இருந்தாலும் பாட்டு ஒரே மாதிரி கேக்கும்லா."

இருபது வருஷமாக சோபா தைக்கிறேன். மெத்தைக்கும் காது உண்டென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அங்கே பாட என் அக்காவைச் சிபாரிசு செய்ததும் நான்தான். கல்யாண வீடுகளில் இசைக்குழுவோடு பாடிக்கொண்டிருந்தவள். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் சிறுத்துப் போய், இரண்டு வருஷமாக ஒரு பாட்டுகூட முணுமுணுக்கவில்லை. இங்கே கத்த வேண்டாம், சின்னக் குரலும் கடைசி வரிசைவரை போகும் என்று டிரம்ஸ்காரர் சொன்ன பிறகுதான் ஒத்திகைக்குச் சம்மதித்தாள். சரியாக வராவிட்டால் இனிமேல் பாட்டே கிடையாது என்று காரிலேயே சொல்லிவிட்டாள்.

டிரம்ஸ்காரர் மெதுவாகத் தட்ட, இன்னொருவர் பியானோ வாசிக்க, அக்கா பாடினாள். குரல் தகரத்தில் பட்டது போல எகிறித் திரும்பியது. பாதியில் நிறுத்தினாள்.

"போச்சுடா தம்பி. என் தொண்ட போச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

கைப்பையைக்கூட எடுத்துவிட்டாள். டிரம்ஸ்காரர் இறங்கி வந்து முன்வரிசை நாற்காலி ஒன்றைத் தடவினார். மொறமொறத்தது. திறப்பு விழாவரை அழுக்குப் படக்கூடாதென்று ஒவ்வொரு மெத்தைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தேன். புது சோபாவுக்கு நம் வீடுகளில் செய்வதுதான். சிலர் அது தானாகக் கிழியும்வரை கழற்றவே மாட்டார்கள்.

மெத்தையின் காதை நானே பிளாஸ்டிக்கால் அடைத்து வைத்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அக்கா, உன் தொண்ட இல்ல. நான் பண்ண வேல இது. கொஞ்ச நேரம் இரு."

"சும்மா ஆறுதல் சொல்லாத."

டிரம்ஸ்காரரும் பியானோக்காரரும் நானும் உறைகளைப் பிய்க்க ஆரம்பித்தோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளும் வந்து சேர்ந்தாள். நகம் உடைந்ததற்கு என்னைத் திட்டினாள். திட்டு விழுந்ததும் எனக்குத் தெம்பு வந்தது.

மறுபடி பாடினாள். கடைசி வரிசையில் நின்ற எனக்கு அவள் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. ஆனால் மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. இப்போது என்மேல் பழியைப் போட்டுக்கொள்ள எந்த உறையும் மிச்சமில்லை.

அக்கா நிறுத்தவில்லை. அதே வரியைக் கொஞ்சம் கீழே இறக்கி இன்னொரு தரம் பாடினாள். பியானோவும் அவளோடு இறங்கி வந்தது. முடித்துவிட்டு, குரலை உயர்த்தாமல், அங்கிருந்தே என்னிடம் சொன்னாள்:

"ஒடைஞ்ச எடமும் நல்லா கேக்குதுடா. இது என் கொரல்தான். நீ போயி தேத்தண்ணி குடி, நான் இன்னும் ரெண்டு பாட்டு பாடிட்டு வாரேன்."

நான் எங்கே போவது? அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.