கிலோ கணக்கில் செய்த படுக்கை வண்டி

கேட், கிரில் எல்லாம் நான் கிலோ கணக்கில்தான் விலை சொல்வேன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில் பட்டறை. இந்தப் பக்கம் வழக்கம் அதுதான்.

நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். போனில் படம் காட்டினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வண்டி. நீர்த்துளியைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு வைக்க மேடை.

"பீச்சாண்ட போய்த் தங்கறதுக்குண்ணா. எவ்ளோ ஆவும்?"

"எல்லாம் சேத்து கிலோ முந்நூறு."

அரை டன் வரும் என்று மனசில் நினைத்துக்கொண்டேன்.

"கார் சின்னது. வெயிட்டு மட்டும் கம்மியா பண்ணுங்கண்ணா."

சரி என்றேன். அப்போது உறைக்கவில்லை.

சட்டத்துக்குக் கனமான இரும்பு ஆங்கிளை விட்டு மெல்லிய டியூப் போட்டேன். மேலே இரும்புக்குப் பதில் அலுமினியத் தகடு. அதன் விலையைக் கடைக்காரரை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். அச்சு, சக்கரம், பிளைவுட். கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பருக்கே ஒரு கேட்டின் கூலி போனது. வீட்டுக் கூரை ஷீட் மாற்ற என் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தையும் வாங்கிப் போட்டேன். வண்டி போனதும் தருவதாகச் சொன்னேன். மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆனது.

லாரி நிறுக்கும் எடைமேடையில் ஏற்றினோம். அவரும் வந்திருந்தார். என் மனைவி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு" என்றேன்.

"இன்னாத்துக்கு எறங்கணும்? ஷீட்டு துட்டு என்னுது. என்னியும் சேத்து நிறு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் இறங்கினாள்.

இருநூற்று முப்பது கிலோ.

வண்டியை இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னேன். அதே இருநூற்று முப்பது. அறுபத்தொன்பதாயிரம். போட்ட பணமே வராது. இதில் என் கூலி எங்கே?

இழைத்து இழைத்து எடையைக் குறைத்தது நான்தான்.

"அண்ணா, கட்டுப்படியாவுதா?" என்று அவரே கேட்டார். மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னது சொன்னதுதான்" என்றேன்.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போனார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக் கூரையில் பழைய ஷீட்டுதான். ஒழுகும் இடத்தில் குண்டானை வைத்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"அந்தப் பொட்டி ஒழுவுமா?"

"ஒழுவாது."

"நல்லாத்தான் செஞ்சிகிற, போ."

நான் பாயை இன்னும் கொஞ்சம் சுவரோரம் தள்ளிப் போட்டேன்.